என் முகத்தில் நசீமாவின் குரல்

நசீமா எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மத்தியான வேளை. இரும்புலியூரில் மாடி போர்ஷன் எங்களுடையது. படியேறி வந்து மூச்சு வாங்க நின்றவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அக்கா, உள்ள வரலாமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் பேசினாள்.

உள்ளே கட்டில் முனகியது. எட்டிப் பார்த்தால், என் அக்கா வேணி தானாக எழுந்து உட்கார்ந்திருந்தாள். பல வாரமாக நான் கைகொடுத்துத் தூக்கினால் ஒழிய எழுந்திருக்காதவள். அவிழ்ந்து கிடந்த முடியை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா அமுதா? காத்தாலேருந்து காத்துகினு கீறேன்டி" என்றாள், வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி.

அமுதா நான்தான். நசீமாவுக்குப் பக்கத்தில், கையில் ரசக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அக்காவுக்குக் கண் தெரியாது. நசீமா பதறிப்போய் என்னைப் பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கத் தெம்பில்லை. கரண்டியிலிருந்து ரசம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் டிவிக்குப் போன கதையை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் குரோம்பேட்டை வாசகி ஒருவர், "மேடையில் பட்ட கஷ்டமெல்லாம் போதும், இனி சந்தோஷமாக எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. நான் பிரபலமான கதை இதுதான். இதில் சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

முதலில் குரல், அப்புறம்தான் ஆள்

எங்கள் இசை நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராஜகுமாரி வேஷம் கட்டுகிறவள் நேராக மேடைக்கு வந்துவிட மாட்டாள். படுதாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு முதல் பாட்டைப் பாட வேண்டும். கூட்டம் ஆளைப் பார்க்காமல் குரலைக் கேட்கும். கைதட்டல் விழுந்ததும் படுதா விலகும். தட்டல் விழாவிட்டாலும் விலகும்தான், ஆனால் அன்றைக்கு அவள் பிழைப்பு நாறிவிடும்.

நான் பெரிய அழகி இல்லை. கறுப்பு, அகன்ற நெற்றி, கொஞ்சம் பெரிய கண். படுதா விலகும்போது ஏமாந்துபோகிற முகங்களை முன்வரிசையில் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குள் என் குரல் அவர்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கிராமங்களில் என்னை "அந்தக் கொரலுக்காரப் பொண்ணு" என்றுதான் சொல்வார்கள். பெயர் சொன்னால் நிறையப் பேருக்குத் தெரியாது.

எனக்கு எல்லாமே அக்காதான். அம்மா போனபோது நான் சின்னப் பெண். அக்கா கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்தவள். ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். நாடகம் என்றால் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

மேக்கப் அறையில் உட்கார மாட்டாள். கூட்டத்தின் கடைசிக்குப் போய், சுண்டல் விற்கிறவர்களோடு உட்கார்ந்துகொள்வாள். என் குரல் அங்கே எட்டவில்லையென்றால் எழுந்து நிற்பாள். அதுதான் எங்களுக்குள் சைகை. எத்தனை தலைக்குப் பின்னால் இருந்தாலும் அக்கா எழுந்தால் எனக்குத் தெரிந்துவிடும். வயிற்றிலிருந்து இன்னொரு பிடி எடுத்து வீசுவேன்.

படப்பையில் ஒரு மைக் செட்காரர் இருந்தார். நாடகம் ஆரம்பித்ததும் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நடிகர்கள் எல்லாரும் அவரைத் திட்டுவார்கள். அக்கா மட்டும் திட்ட மாட்டாள். "மைக்க நம்பிகினு இருந்தா பாட்டு இன்னாத்துக்குடி கத்துகினே? அவன் டீயே குடிக்கட்டும், நீ பாடு" என்பாள்.

சர்க்கரை அவள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள். அப்புறம் பஸ் போர்டு தெரியவில்லை என்றாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் வெளிச்சமும் போய்விட்டது. அதற்குப் பிறகும் நாடகத்துக்கு வந்தாள். யாராவது கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள். அவள் அங்கே இருக்கிறாள் என்பதுதான் எனக்குச் சுருதி.

"கண்ணு போனா போவட்டும்டி. உன்ன நா கண்ணாலயா பாத்துகினு இருந்தேன்?" என்று ஒருதரம் சொன்னாள். நான் அழுதேன், அவள் சிரித்தாள்.

சத்தமில்லாமல் பார்த்த வீடியோ

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விழாவுக்கு எங்கள் நாடகத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். குளிரூட்டிய பெரிய அரங்கம். பாதிப் பேர் போன் நோண்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மைக் சுத்தமாகப் போய்விட்டது. நான் நிறுத்தவில்லை. ஒரு வரியை உச்சத்தில் கொண்டுபோய்ப் பிடித்து நிறுத்தினேன். போன்கள் எல்லாம் கீழே இறங்கின. ஓர் ஆசிரியை மட்டும் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்.

அந்த வீடியோ எங்கெங்கோ சுற்றி ஒரு டிவி தொடர் டைரக்டரின் கைக்குப் போனது. அவர் ஏதோ மீட்டிங்கில் இருந்தாராம். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாராம். இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"சவுண்டே இல்லாம பாத்தேம்மா. அந்தக் கண்ணு, அந்த நெத்தி, அந்தத் தொண்டை நரம்பு! இதுதான் என் பெரிய மருமகள்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நம்மை ஒருவர் தேடிக் கூப்பிடுகிறார் என்ற கிறுகிறுப்பில் வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது மென்றுகொண்டிருந்த அவள் வாய் நின்றுவிட்டது. வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டாள்.

"கொரல கேக்காமயா உன்ன எடுத்துகினான்?"

"வீடியோவுல பாத்தாராம்கா. முகம் அமைஞ்சி போச்சாம்."

"இன்னாவோ போ" என்றாள். அவளுக்கு அன்றைக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

ஆர்மோனியத்துக்குக் காத்திருந்தவள்

வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டில் ஒரு பங்களா. ஷூட்டிங்குக்கென்றே வாடகைக்கு விடுவது. அந்த வீட்டில்தான் நான் நடிக்கும் பெரிய மருமகள் சமைப்பாள், துவைப்பாள், மாமியாரிடம் திட்டு வாங்குவாள், சாமி அறையில் கண்ணீர் விடுவாள்.

முதல் நாள் என் முதல் வசனம் இது. "இந்த வீட்டை விட்டு நான் போக மாட்டேன் அத்தை." சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். எதிரே மாமியாராக நடிக்கும் அம்மா தன் வசனத்தைச் சொன்னார். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

"கட்! என்னம்மா ஆச்சு? அடுத்த லைன் மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. மேடையில் ஒரு வசனம் முடிந்தால் ஆர்மோனியக்காரர் ஒரு சுரம் பிடிப்பார். அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் அடுத்த வார்த்தை வாயில் வரும். இத்தனை வருஷப் பழக்கம். இல்லாத ஆர்மோனியத்துக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். இதை எப்படி அவரிடம் சொல்வது? "சாரி சார்" என்றேன்.

அடுத்த தடவை காத்திருக்காமல் பேசினேன். மாடியில் வயர் சுற்றிக்கொண்டிருந்த லைட்மேன் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, பக்கத்துத் தெருவுக்குக் கேக்குதும்மா! இது நாடகம் இல்ல, க்ளோசப்" என்று டைரக்டர் காதைப் பொத்திக்கொண்டார். குரலை இறக்கினால் எனக்கு முகமும் சேர்ந்து இறங்கிவிட்டது. ஏற்றினால் அவருக்கு ஆகவில்லை. மத்தியானம் வரைக்கும் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"நீங்க டென்ஷன் ஆவாதீங்கம்மா. பின்னாடி நின்னு அசிஸ்டென்ட் டயலாக் படிப்பாரு. நீங்க அதுக்கு வாய அசைச்சா போதும். முகம் எனக்கு வேணும். வாய்ஸுக்கு ஆள் இருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேனில் தாம்பரம் திரும்பும்போதுதான் அவர் சொன்னது விளங்கியது. சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வாய்ஸுக்கு இருந்த அந்த ஆள்தான் நசீமா. பல்லாவரத்தில் அவள் அத்தாவுக்கு ஹார்டுவேர் கடை. நடிக்க ஆசைப்பட்டு ஏறி இறங்காத இடம் இல்லை. "குரல் சூப்பர், முகம் செட் ஆகல" என்று எல்லாரும் திருப்பி அனுப்பினார்கள். டப்பிங் தியேட்டரில் ஒதுங்கினாள். ஷூட்டிங்கில் வாயசைக்கும்போது நாங்கள் சன்னமாகப் பேசுவதையும் ஒரு ஓரமாகப் பதிவு செய்து வைப்பார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே, என் வாயசைவுக்குத் தோதாகத் தன் குரலைப் பேசுவாள். உலகத்தில் என் குரலைத் தினமும் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அவளோடு எனக்கு ஒரு பகையும் கிடையாது. பகைக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது எவளோ"

முதல் எபிசோட் ஒளிபரப்பான சாயங்காலம் எங்கள் தெருவே மாடியில் ஏறிவிட்டது. கீழ் வீட்டு மஞ்சுளா எல்லாருக்கும் கேசரி கொண்டுவந்திருந்தாள். அக்காவை டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். புதுப் புடவை கட்டியிருந்தாள். காதில் விழுந்த முடியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு தயாராக இருந்தாள்.

நான் திரையில் வந்ததும் ஒரே விசில். "அமுதாக்கா! அமுதாக்கா!"

"வந்துட்டாளா? பேசவே மாட்றா?" என்றாள் அக்கா.

"இப்பப் பேசிகினு கீறது அவதாங்க்கா" என்றாள் மஞ்சுளா.

அக்கா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள். "இல்ல. அது எவளோ."

நான் டப்பிங் சமாசாரத்தை விளக்கிச் சொன்னேன். அக்கா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு மெதுவாக, "எவளோ உன் வாய்க்குள்ள பூந்துகினு பேசறாடி. நீ எங்கடி போனே?" என்று கேட்டாள். அவளுக்குப் புடவையை மாற்றிவிட்டுப் படுக்க வைத்தேன்.

தொடர் நன்றாகப் போனது. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் என் முகம் பேனரில் தொங்கியது. ஷேர் ஆட்டோவில் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஆனால், "முடிச்சூர் ரோடு நிறுத்துங்க அண்ணா" என்று நான் வாய் திறந்ததும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். "அவங்க மாரியே கீறீங்க, ஆனா அவங்க இல்ல" என்று ஒரு பூக்கார அம்மா எனக்கே சொன்னார். ஆமாம் என்று ஒத்துக்கொண்டேன்.

படப்பையில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். கடைக்கார பாய் மரியாதையாகச் சால்வை போட்டு, "ரெண்டு வார்த்த பேசுங்கம்மா" என்று மைக்கைக் கொடுத்தார். தொடரில் வரும் அந்த முதல் வசனத்தை, வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்பதை, சொல்லிக் காட்டினேன். கூட்டம் கொஞ்ச நேரம் முழித்தது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு குரல்.

"டே மச்சான், இது டூப்புடா!"

கொல்லென்று சிரித்தார்கள். பாய் பாவம், முகம் சிவந்து அதட்டினார். அதே படப்பையில்தான் மைக் இல்லாமல் பாடி நான் கைதட்டல் வாங்கியிருந்தேன்.  அதற்கப்புறம் விழாக்களில் கும்பிட்டுவிட்டுச் சும்மா நிற்கப் பழகிக்கொண்டேன்.

ஏன் விட்டுவிட்டு வரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கே வருவது? நாடகக் குழுவில் என் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள். அக்காவுக்குச் சிறுநீரகமும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வைத்தியத்துக்கு முகம்தான் சம்பாதித்தது. குரலால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒரே ஒரு ஒப்பாரி

அக்காவுக்கு ஒருதரம் என் குரலை டிவியில் கேட்க வைத்துவிட வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு எந்த ஆசையும் அப்போது இருக்கவில்லை. அவள் உடம்பு போகிற போக்கில் நாளும் அதிகம் இல்லை என்று தெரிந்திருந்தது. டைரக்டரிடம் பல்லைக் காட்டினேன், கெஞ்சினேன், ஒரு நாள் அழவும் அழுதேன். கடைசியில் மாமியார் சாகிற காட்சி வந்தது. பெரிய மருமகள் ஒப்பாரி வைக்க வேண்டும்.

"சரிம்மா, இந்த ஒரு சீன் உங்க வாய்ஸே வச்சிக்கலாம்" என்றார்.

அன்றைக்கு நான் இரைந்ததை என்னவென்று சொல்ல. மாமியாருக்காகவா அழுதேன்? அந்தம்மா கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, மூக்கில் பஞ்சோடு, தானும் அழுதுகொண்டிருந்தார். பிணம் அழுகிறது என்று யாரும் கட் சொல்லவில்லை. செட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். முடிந்ததும் அந்த லைட்மேன் வந்து, "இத்தினி நாளா இத்த எங்க வச்சிருந்தே தாயி?" என்றார்.

வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் சொன்னேன். "வர்ற வாரம் கேப்பே பாரு. நானேதான்." அவள் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்த எபிசோட் வந்த சாயங்காலம் எனக்கு ஷூட்டிங். மஞ்சுளாதான் துணைக்கு இருந்தாள். நான் படியேறும்போதே அக்காவின் குரல் கேட்டது. எவ்வளவோ நாளைக்கப்புறம் அப்படி ஒரு சந்தோஷம்.

"அடியே அமுது! கேட்டுட்டேன்டி! நீதாண்டி அது! அந்த இழுப்பு, அந்தக் கமறலு, எல்லாம் நீதாண்டி!"

என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் நசீமா. அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன திட்டிடுங்க. சேனல்ல ஒத்துக்கல. திடீர்னு வேற வாய்ஸ் வந்தா ஆடியன்ஸ் கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்கன்னு சொல்லி என்னையே பேச வச்சிட்டாங்க. நீங்க பாடினத திரும்பத் திரும்பக் கேட்டேன்கா. அப்படியே வரணும்னு தொண்டை கிழியப் பண்ணேன். உங்களுது மாதிரியாவது இருக்கட்டும்னு."

நான் போனை வைத்துவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னேன். அது நானில்லை, நசீமா என்றேன். என்னைப்போல் பாடியிருக்கிறாள் என்றேன்.

"கம்முனு கெட. எங்கிட்டயேவா? உன் கொரலு எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா.

அவளுக்குத்தான் தெரியும் என்று வாழ்நாள் முழுக்க நம்பியிருந்தேன். அவள் காது எனக்குக் கோயில். அந்தக் காது அன்றைக்குச் சிரித்த முகத்தோடு என்னைத் தவறவிட்டது. அந்த இரவு போல் நான் என்றைக்கும் தனியாக இருந்ததில்லை.

அப்புறம் எல்லாம் சீக்கிரம் நடந்தது. ரத்தத்தில் உப்பு இறங்கிவிடுகிறது, ஞாபகம் தடுமாறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் காலையில் வேன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவேன். களைத்துப்போய் வருகிறவளுக்குப் பேச என்ன இருக்கிறது? ஊசி, மாத்திரை, சோறு. பகல் முழுக்க அக்காவோடு இருந்தது டிவிதான். பழைய எபிசோடுகளையும் திரும்பப் போடுவார்கள். பெரிய மருமகள் பேசினால் அக்கா பதில் சொல்வாள் என்று மஞ்சுளா சொன்னாள். "சாப்ட்டியாடி?" என்று கேட்பாளாம்.

ஒரு நாள் நான் ஊசி போடக் கையைப் பிடித்தபோது, "நீங்க யாரும்மா?" என்று கேட்டாள். அமுதா என்றேன். "அவ ஷூட்டிங் போயிருக்காம்மா, வந்துடுவா" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

அந்த மத்தியானம்

இப்போது நசீமாவை வாசலில் நிற்க வைத்த இடத்துக்கு வருகிறேன். அன்றைக்கு எனக்கு ஷூட்டிங் இல்லை. அவள் தானாகத்தான் வந்தாள், அக்காவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு. ஒரு பை நிறைய மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு. இப்படி ஆகும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அக்கா கையை நீட்டினாள். நசீமா போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அக்கா அவள் முகத்தை, தோளை, கையைத் தடவிப் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது. பயமா, ஆசையா? கண்டுபிடித்துவிட மாட்டாளா என்றுதான் நின்றுகொண்டிருந்தேன்.

"எளைச்சிட்டியேடி" என்றாள் அக்கா.

நசீமா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.  பேசு என்று தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? அக்கா எழுந்து உட்கார்ந்திருக்கிறாளே.

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன். நீதான் சரியா சாப்பிடறதில்லையாம்" என்றாள் நசீமா. பெரிய மருமகளின் குரல். நான் எத்தனையோ மாதம் வாயசைத்த குரல்.

நான் ரசம் விட்டுப் பிசைந்து தட்டைக் கொடுத்தேன். முந்தின நாளெல்லாம் நான் ஊட்டியபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தவள், நசீமா ஊட்ட ஊட்டச் சாப்பிட்டாள். தட்டு காலியானது. சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பற்றி அவளிடம் ரகசியமாகச் சொன்னாள். ரகசியம் என்று அவள் நினைத்துக்கொண்டது எனக்கு நன்றாகவே கேட்டது.

"சமையலுக்கு ஒரு அம்மா கீறாங்கடி. நல்லவங்கதான். ஆனா வாயத் தொறக்கறதே இல்ல. வூடே பேஜாரா கீது."

நசீமாவால் தாங்க முடியவில்லை. "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தாள். நான் வேண்டாமென்று கை காட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. வயிற்றிலிருந்து வேறு ஏதோ எழுந்து வந்தது. பாடினேன். மேடையில் எத்தனையோ ஊரில் பாடிய பாட்டு. டைரக்டருக்குப் பிடித்த மாதிரி அடக்கி அல்ல, முழுக் குரலில். மைக் இல்லாத ஊரில் கடைசி வரிசைக்கு வீசுகிற மாதிரி. பாத்திரங்கள் அதிர்ந்தன. கீழ் வீட்டில் மஞ்சுளா ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது அடியை உச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். எந்த ஊர் மேடையிலும் அதைவிட நன்றாக நான் பாடியதில்லை. அக்கா, நான்தான். அக்கா, இங்கே இருக்கிறேன்.

அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. கோபமில்லை, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"ஏம்மா, அந்த டிவிய கொஞ்சம் நிறுத்துங்களேன். எந்தங்கச்சி என்னிக்கோ ஒருதபா வூட்டுக்கு வந்துகீறா. அவ பேசறது காதுல வுழல."

டிவி அணைந்துதான் இருந்தது. நான் பாட்டை நிறுத்தினேன்.